‘கொடுமை நடக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள்: ஒரு பள்ளிச் சீண்டல் தடுப்புத் திட்டம், ஓராண்டுக்குப் பின்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில், பொள்ளாச்சிப் பக்கம் சாய்ந்த ஓர் ஊரில் இருக்கிறது என் மகள் படிக்கும் பள்ளி. ஒரே வளாகத்தில் தமிழ் டிவிஷனும் மலையாளம் டிவிஷனும் நடக்கின்றன. 2024-25 கல்வியாண்டில் இப்பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.), பிள்ளைகளுக்கிடையே நடக்கும் சீண்டலையும் வம்பையும் குறைப்பதற்கென்று ஒரு தனியார் நிறுவனத்தின் திட்டத்தை விலை கொடுத்து வாங்கியது. பிள்ளைக்கு 280 ரூபாய். ஆசிரியர் பயிற்சிக்குத் தனியாக 18,000 ரூபாய். தாய்மார் பி.டி.ஏ.வின் சார்பில் ஏறக்குறைய எல்லா அமர்வுகளிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எல்லையோரத்தில் இதே திட்டத்தை வாங்கலாமா என்று யோசிக்கும் பிற பள்ளிகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வகைப் பொருளை இதே குறைகளோடு விற்பவர்கள் ஒருவர் மட்டுமே என்று நான் நம்பவில்லை.

திட்டம் ஒரு கருத்துக்கணிப்பில் தொடங்கி ஒரு கருத்துக்கணிப்பில் முடிகிறது. நடுவே ஆசிரியர்களுக்கு ஒன்றரை நாள் பயிற்சி, பிள்ளைகளுக்குப் பத்து வகுப்பு அமர்வுகள், ஆளுக்கொரு பயிற்சிப் புத்தகம், ஒரு புகார்ப் பெட்டி, சுவரொட்டிகள், பெற்றோருக்கு ஒரு மாலைக் கூட்டம் ஆகியவை உண்டு. இவற்றில் கருத்துக்கணிப்பைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும், ஏனெனில் மற்றவை எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

பெயர் எழுதாமல் நிரப்பும் அந்தப் படிவம், நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் உருவாக்கிய வினாப்படிவத்தை அடியொற்றியது என்று பயிற்றுநர்கள் சொன்னார்கள். 1982ஆம் ஆண்டின் இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் சக மாணவர்களின் தொல்லை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வர, மறு ஆண்டே அந்நாடு பள்ளிகளில் பெரிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஓல்வியஸின் திட்டம் அதிலிருந்து பிறந்தது. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் சமமில்லாத ஒருவர்மீது செய்வது என்று மூன்று அடையாளங்களை அவர் வகுத்தார். அவருடைய படிவம் பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்பதில்லை. எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை முதலில் எளிய சொற்களில் விளக்கிவிட்டு, அண்மைக் காலத்தில் அது எத்தனை முறை நடந்தது என்று பிறகுதான் கேட்கிறது. நல்ல கருவி என்பதில் ஐயமில்லை.

எங்களுக்கு வந்த தமிழ்ப் படிவத்தில் அந்த விளக்கம் இரண்டு வரியாகச் சுருங்கியிருந்தது. அதன் கீழே, ‘கடந்த இரண்டு மாதங்களில் நீ பள்ளியில் எத்தனை முறை கொடுமைப்படுத்தப்பட்டாய்?’ என்று கேட்டிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், கொடுமைன்னா அடிக்கறதா?” என்று கேட்டான். “அடிக்கறது, திட்டறது எல்லாந்தான்” என்றார் டீச்சர். அவன் உட்கார்ந்து ‘ஒருமுறையும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டதைப் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்தேன். அந்தப் பையனின் பேச்சை வகுப்பில் பாதிப் பேர் தினமும் அப்படியே பேசிக் காட்டிச் சிரிப்பது எனக்குத் தெரியும். அவனைப் பொறுத்தவரை அது கொடுமையில் சேராது. கொடுமை என்பது சீரியலில் மாமியார் செய்வது.

இரண்டு வாரம் கழித்து வந்த அறிக்கை, மலையாளம் டிவிஷனில் பிரச்சினை ஓரளவு இருப்பதாகவும் தமிழ் டிவிஷன் ‘மகிழ்ச்சியான வகுப்பறை’ என்றும் வண்ணப்படம் போட்டுக் காட்டியது. மலையாளப் படிவத்தில் ‘களியாக்குக’ என்ற வீட்டுச் சொல் இருந்தது. அந்தப் பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அகராதிச் சொல் போனது. அவர்கள் நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள்.

இதை ஏற்க மறுத்தவர் எங்கள் தமிழாசிரியை. அவர் ஒரு வெள்ளைத்தாளில் தாமே ஆறு கேள்விகள் எழுதி நகல் எடுத்துக் கொடுத்தார். உன்னை இரட்டைப்பேர் வைத்து யாராவது கூப்பிடுகிறார்களா? விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விடுகிறார்களா? நீ பேசுவதைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்களா? உன் சாப்பாட்டைப் பார்த்து ஏதாவது சொல்கிறார்களா? பஸ்ஸில் உன்னை இடிக்கிறார்களா, பையைப் பிடுங்குகிறார்களா? உன் வீடு இருக்கும் இடத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்களா? முதல் படிவத்தில் காலியாகக் கிடந்த கட்டங்கள் இம்முறை நிரம்பின. சிலர் கட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதவே தொடங்கிவிட்டார்கள். நான் படித்தவற்றுள் அதிகம் வந்த சொற்கள் இரண்டு: ஒன்று ‘பாண்டி’, மற்றொன்று ‘காலனி’.

‘பாண்டி’ என்ற சொல்லைக் கேரளத்தில் வாழும் எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலையாளிகளுக்குத் தமிழ்நாடு ‘பாண்டி நாடு’. கோவில் திருவிழாவில் செண்டை முழங்கும்போது ‘பாண்டிமேளம்’ என்பதில் எந்த இளக்காரமும் இல்லை. அதே சொல்லைப் பஸ்ஸின் பின்படிக்கட்டில் நிற்கும் ஐந்து பையன்கள், மலையாளம் தடுமாறிப் பேசும் ஒரு பையனைப் பார்த்துச் சொல்லும்போது அவன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறான். ஓல்வியஸ் வகுத்த மூன்று அடையாளங்களும் அந்தப் படிக்கட்டில் இருக்கின்றன. ஆனால் நிறுவனம் வகுப்புச் சுவரில் ஒட்டத் தந்த ‘சொல்லக்கூடாத சொற்கள்’ சுவரொட்டியில் இந்தச் சொல் இல்லை. அதில் இருந்தவற்றுள் பாதியை எங்கள் பிள்ளைகள் அந்தச் சுவரொட்டியிலிருந்துதான் முதன்முதலாகக் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது சொல்லை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அது எங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளையே சொல்வது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளை இனிக் ‘காலனி’ என்று அழைக்க வேண்டியதில்லை, ‘நகர்’ என்பது போன்ற பெயர்கள் போதும் என்று கேரள அரசு 2024 ஜூனில் உத்தரவிட்டது. அந்தச் சொல் அங்கே வாழ்பவர்களுக்கு இழிவாகிவிட்டது என்பதே காரணம். பெயர்ப்பலகைகள் மாறினாலும் மாறாவிட்டாலும், தமிழ் டிவிஷனின் சாப்பாட்டு வரிசையில் அது இன்னும் வசையாகத்தான் புழங்குகிறது. மலையாளப் பையன் நம்மைப் பாண்டி என்றால் கொதிக்கும் பெற்றோர், தம் பிள்ளை இன்னொரு தமிழ்ப் பிள்ளையைக் காலனி என்று சொன்னதைக் கேட்டதும், “சின்னப் பசங்க, விடுங்க டீச்சர்” என்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் இது என் காதால் கேட்டது. பயிற்றுநர் இந்த இடத்தில் பிடித்து நின்றிருந்தால் அந்த மாலை ஒன்றுக்கே கொடுத்த பணம் தகும். அவர் செல்பேசிப் பயன்பாடு பற்றிய அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இவ்வளவு சொன்னபின் திட்டம் வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வகுப்பு அமர்வுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அவற்றின் அடிப்படை பின்லாந்திலிருந்து வந்தது. கிறிஸ்டினா சால்மிவல்லியும் உடன் ஆய்வாளர்களும் அங்கே ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, சீண்டல் என்பது இருவர் விவகாரம் அல்ல என்று காட்டியது. சீண்டுபவன், சீண்டப்படுபவன் தவிர, கூடச் சேர்ந்துகொள்பவன், சிரித்து ஏற்றிவிடுபவன், பார்த்தும் பாராமல் இருப்பவன், துணைக்கு வருபவன் என்று வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. துர்க்கு பல்கலைக்கழகம் இதன்மேல் எழுப்பிய ‘கிவா’ என்ற திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடத்தப்பட்டது. சீண்டுபவனின் மனத்தை மாற்றுவது கடினம். ஆனால் அவன் எதிர்பார்க்கும் சிரிப்பை நிறுத்திவிட்டால் அவனுக்கு அதில் ருசி போய்விடும் என்பதுதான் அதன் உள்ளார்ந்த கணக்கு.

எங்கள் பள்ளியில் இதை ஆறு அட்டைகளாகக் கொண்டுவந்தார்கள். மைதானத்தில் நடக்கும் ஒரு சம்பவத்தைச் சிலர் நடித்துக் காட்ட, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கடந்த வாரம் தாங்கள் எந்த அட்டையாக இருந்தோம் என்று யோசித்து, அந்த அட்டையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு என் மகளின் கை தெரிந்தது. அவள் எடுத்தது ‘சிரித்து ஏற்றிவிடுபவர்’ அட்டை. ஜூலை மாதத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பஸ்ஸை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு மாறியதைப் பற்றி அவள் வீட்டில் வேடிக்கையாகச் சொல்ல, நானும் சிரித்திருக்கிறேன். அன்று மாலை இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறு வாரம் அவளாகவே, “அம்மா, அன்னைக்கு அந்த அண்ணனை எல்லாரும் ஓட்டினப்போ நானும் சிரிச்சேன்” என்று சொன்னாள். ஒரு புத்தகமோ சுவரொட்டியோ இதைச் செய்திருக்காது. அமர்வை நடத்திய இளம் பயிற்றுநர் அறிவுரை என்று ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல், கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கத் தெரிந்தவராக இருந்தார். இந்த மூன்று அமர்வுகளையும் அவரே நடத்துவார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு வகுப்பில் மூத்த பயிற்றுநர் நடத்தியபோது அதே அட்டைகள் சீட்டு விளையாட்டாகிவிட்டன.

ஏழாவது அமர்வு இதற்கு நேர் எதிர். ‘சமாதானம்’ என்பது அதன் தலைப்பு. தொல்லை கொடுத்த பையன்களையும் அதற்கு ஆளானவனையும் வகுப்பின் முன் நிறுத்தி, “ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கும், கை குடுங்க” என்றார் மூத்த பயிற்றுநர். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பையன் கையைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். சண்டை போட்ட இரு சமமானவர்களுக்குப் பொருந்துகிற மருந்து இது. ஒருவன் தனியாள், எதிரே ஐந்து பேர் என்னும்போது சமரசம் பேசுவது, பட்டவனையும் பாதிக் குற்றவாளியாக்குவதில்தான் முடியும். நான்காம் அமர்வில் பலம் சமமில்லை என்று பாடம் நடத்தியவர்களே ஏழாம் அமர்வில் சமமாக்கியது எனக்கு விளங்கவில்லை. அன்று மாலை அவன் தாயார் என்னிடம், “அக்கா, கையும் குடுத்துட்டு வந்திருக்கான், நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போவான்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்த அமர்வை நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் அன்று விடுமுறை விட்டுவிடுங்கள்.

பயிற்சிப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பைப் பற்றி எல்லையோரத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது, அது நமக்காக அச்சிடப்பட்டதே அல்ல என்பது. தமிழ் என்றால் தமிழ்நாடு என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். மலையாளப் புத்தகம் இங்குள்ள யூ.பி. (அப்பர் பிரைமரி) முறைப்படி ஐந்து முதல் ஏழு வரை. தமிழ்ப் புத்தகமோ தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளிக் கணக்கில் ஆறு முதல் எட்டு வரை. ஆகவே எங்கள் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லை, ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். உயர்நிலைக் கட்டடத்துக்கு மாறிப் பெரிய பையன்களிடம் முதன்முறை சிக்கும் எட்டாம் வகுப்புக்கோ திட்டம் இல்லை, புத்தகத்தில் பாடம் மட்டும் இருக்கிறது. பின்னட்டையில் ‘உதவிக்கு அழைக்கவும்’ என்று பெரிய எழுத்தில் 14417 என்ற எண். அது தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண். நாடு முழுவதற்குமான குழந்தைகள் உதவி எண் 1098 உள்ளே எங்கோ சிறிய எழுத்தில் இருந்தது. சாதிக் கயிறு, கைப்பட்டை பற்றி ஒரு பாடம் விரிவாக இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடூரத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024இல் அறிக்கை தந்த பிறகு, அங்குள்ள பள்ளிகளுக்கு அது அவசியமான பாடம்தான். இங்கே கையில் யாரும் நிறம் கட்டுவதில்லை. சாதியைத் தெரிந்துகொள்ள வீட்டு முகவரியைக் கேட்டாலே போதுமானதாக இருக்கிறது. அந்த முகவரியைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

புகார்ப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தார்கள். அதில் சீட்டுப் போடும் பிள்ளையை மொத்தப் பள்ளியும் பார்க்கும். மின்விசிறி ஓடவில்லை, சாம்பாரில் உப்பு அதிகம் என்ற சீட்டுகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

விளம்பர மடலில் ‘ஓராண்டில் சீண்டலை முற்றிலும் ஒழிப்போம்’ என்று போட்டிருக்கிறார்கள். கூடுதல் கட்டணத்தில் ‘சீண்டல் இல்லாப் பள்ளி’ என்ற பித்தளைப் பலகையும் கிடைக்கும். வாங்கும் முன் ஒரு செய்தியை நினைவில் வைப்பது நல்லது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபாரிங்டனும் டோஃபியும் பல நாடுகளின் 44 மதிப்பீடுகளைத் தொகுத்து 2009இல் தந்த ஆய்வின்படி, இத்தகைய திட்டங்கள் சீண்டலைச் சராசரியாக 20 முதல் 23 விழுக்காடும், சீண்டலுக்கு ஆளாவதை 17 முதல் 20 விழுக்காடும் குறைத்தன. ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறிய சாதனை அல்ல. ஆனால் பித்தளைப் பலகைக்கு அது போதாது. நீண்ட காலம் நடத்தியவை, பெற்றோரை உள்ளே கொண்டுவந்தவை, விளையாட்டிடத்தை ஆசிரியர்கள் நேரில் கவனித்தவை ஆகியவையே கூடுதல் பலன் தந்ததாகவும் அவர்கள் கண்டார்கள். எங்களுக்கு விற்கப்பட்ட திட்டத்தில் பெற்றோருக்கு ஒரே ஒரு மாலை. மேற்பார்வைக்கு ஒரு வரிகூட இல்லை.

மேற்பார்வையைப் பள்ளியே செய்துகொண்டது. தமிழாசிரியையின் ஆறு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளை வைத்து, எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் வரைந்தோம். வகுப்பறை ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. கழிப்பறைக்குப் போகும் வழி, மதியச் சாப்பாட்டு வரிசை, எல்லாவற்றையும்விடப் பஸ் ஸ்டாப் ஆகிய மூன்று இடங்களில்தான் அடர்த்தி. சலுகைக் கட்டணத்தில் வரும் மாணவர்களைத் தனியார் பஸ்காரர்கள் வண்டி புறப்படும் நொடி வரை ஏறவிடாமல் வெயிலில் நிறுத்திவைப்பது கேரளம் முழுதும் உள்ள பழக்கம். அந்த இருபது நிமிடம் பெரியவர்கள் யாருமில்லாமல் இரண்டு டிவிஷன் பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும் ஒரே நேரமும் அதுதான். பத்து அமர்வுகளில் ஒன்றுகூட அந்த ஸ்டாப்பைப் பற்றிப் பேசவில்லை. ஓணம் விடுமுறைக்குப் பின் தினமும் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் அங்கே நிற்கத் தொடங்கினோம். என் முறை வியாழக்கிழமை. நிற்பதைத் தவிர நாங்கள் எதுவும் செய்வதில்லை. சைக்கிளுக்கு மாறிய பையன் ஜனவரியில் மறுபடி பஸ்ஸில் வந்தான். அது அட்டைகளால் நடந்ததா, நாங்கள் நின்றதால் நடந்ததா, சைக்கிள் கெட்டுப்போனதால் நடந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரியில் இறுதிக் கருத்துக்கணிப்புக்கு நிறுவனம் பழைய தமிழ்ப் படிவத்தையே கொண்டுவந்தது. தலைமையாசிரியர் மறுத்துவிட்டு, தமிழாசிரியையின் தாளை இரண்டாம் முறையாகக் கொடுத்தார். ‘பேசிக் காட்டிச் சிரிப்பது’, ‘பஸ்ஸில் இடிப்பது’ ஆகியவை கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தன. ‘வீடு இருக்கும் இடத்தைச் சொல்வது’ ஏறக்குறைய அப்படியே இருந்தது. நிறுவனத்தின் அறிக்கையில் இந்த வரி இடம்பெறாது. நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் பரிந்துரை: ஆசிரியர் பயிற்சியை வாங்குங்கள். முதல் நாள் முழுக்கப் பயனுள்ளது, குறிப்பாக, புகார் சொல்ல வந்த பிள்ளையிடம் “நீ என்ன பண்ணினே?” என்று கேட்டுத் தொடங்கக்கூடாது என்று அவர்கள் நடத்திய பகுதிக்குப் பின் எங்கள் ஆசிரியர்களிடம் மாற்றம் தெரிந்தது. நான்கு முதல் ஆறு வரையிலான அமர்வுகளை வாங்குங்கள். புத்தகம், பெட்டி, சுவரொட்டி, பலகை எதுவும் வேண்டாம். கருத்துக்கணிப்பை உங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் ஒப்படையுங்கள். அவர் மட்டும் எழுதாமல், முதலில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை உட்காரவைத்து, தொல்லை கொடுப்பதற்கு அவர்கள் என்னென்ன சொற்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதட்டும். கம்பம் பக்கத்தில், செங்கோட்டைப் பக்கத்தில், களியக்காவிளையில் அந்தச் சொற்கள் வேறாக இருக்கும்.

வரும் ஆண்டுக்குப் புதுப்பிக்கக் கேட்டு நிறுவனம் ஏப்ரலில் கடிதம் அனுப்பியது. தமிழ்ப் படிவத்தைத் ‘தங்கள் வட்டாரத்துக்கேற்பத் திருத்தித் தர’ 4,000 ரூபாய் தனிக் கட்டணம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதற்கு மாதிரியாக இணைத்திருந்த ஆறு கேள்விகளைப் படித்துவிட்டுத் தமிழாசிரியை, நான்காம் கேள்வியில் தாம் விட்ட எழுத்துப்பிழை அப்படியே இருப்பதைக் காட்டினார். அமர்வுகளுக்கும் பயிற்சிக்கும் மட்டும் பி.டி.ஏ. ஒப்புதல் அளித்திருக்கிறது.